யார் படிக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் மொழி ஆசிரியை. வகுப்பில் 42 பேர். சென்ற மாதம் ‘எனக்குப் பிடித்த மனிதர்’ என்ற தலைப்பில் வீட்டுப்பாடமாக ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை. முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது, அதற்குமேல் படிக்கவே தேவையில்லை. கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். சந்தேகமாக இருந்தவற்றை சாட்ஜிபிடியிடமே கொடுத்து ‘இது நீ எழுதியதா?’ என்று கேட்டேன். ஆம் என்றது. அத்தனை பேருக்கும் பூஜ்யம் போட்டேன். ஒரு மாணவி மட்டும் தானே எழுதியதாகச் சொல்லி வகுப்பிலேயே அழுதாள். அவள் அதிகம் பேசாத பெண். எனக்கு மனது சரியில்லை.

இதற்கு நம்பகமான மென்பொருள் ஏதாவது உண்டா? எல்லாவற்றையும் வகுப்பிலேயே கையால் எழுதவைத்துவிடலாமா? என் மகள், ‘கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள்’ என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத உட்காரவைத்தது. ‘அதற்குமேல் படிக்கவே தேவையில்லை.’ பிள்ளைகள் எழுதுவதை யார் படிக்கிறார்கள் என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தப் பெண். அவளுக்குப் பூஜ்யம் போட்டிருக்கக் கூடாது. கோபமாகவே சொல்கிறேன். சாட்ஜிபிடியிடம் ‘இது நீ எழுதியதா’ என்று கேட்பதில் ஒரு பொருளும் இல்லை. உலகத்தில் யார் யாருக்கு என்ன எழுதிக்கொடுத்தோம் என்ற பதிவேடு எதையும் புரட்டிப் பார்த்து அது பதில் சொல்வதில்லை. மற்றவர்களோடு நடந்த உரையாடல் எதுவும் அதன் கண்ணில் படாது. ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துச் சொற்களை அடுக்கத் தெரிந்தது அது. நீங்களே எழுதிய பழைய கடிதம் ஒன்றைக் கொடுத்துக் கேட்டாலும் ஆம் என்று சொல்லக்கூடும். 2023 மே மாதத்தில் அமெரிக்காவில், டெக்ஸாஸில் ஒரு பேராசிரியர் நீங்கள் செய்ததையேதான் செய்தார். பட்டம் வாங்கவிருந்த மாணவர்களின் மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டு, அது உலகம் முழுக்கச் செய்தியானது.

மென்பொருளும் அப்படித்தான். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அதனால் சரியாகச் சொல்ல முடிந்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை ஏஐ எழுதியது என்றது. துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செய்தவர்களுக்கே முடியாதது அது. அந்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று வந்தது. காரணம் எளிது. அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதுதான் இந்தக் கருவிகள் பெரிதும் பார்க்கும் அடையாளம். தெரிந்த சொற்கள் கொஞ்சமாக இருக்கும் பிள்ளை, பயந்து பயந்து, பாடப்புத்தகத்தில் பார்த்த வாக்கியம் மாதிரியே எழுதும் பிள்ளை, இந்தக் கண்ணிக்குள் முதலில் விழும். அதிகம் பேசாத பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளை அவளைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் போட்ட பூஜ்யத்தை எல்லோர் முன்னிலையிலும் அடியுங்கள். நம்பகமான மென்பொருள் உண்டா என்ற கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

மகளுக்கு நீண்ட பதில் வேண்டாம். கால்குலேட்டர் 387ஐ 46ஆல் பெருக்கித் தரும். எதை எதனால் பெருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிற வேலை நம்மிடமே இருக்கும். சாட்ஜிபிடி மாதிரியான சாட்பாட் அந்த முடிவையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. இதைச் சொல்லுங்கள், அவளே மேற்கொண்டு யோசிப்பாள்.

இனி, உங்கள் தலைப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்க அவ்வப்போது போவதுண்டு. அப்படி ஒரு வகுப்பில் இதே தலைப்பைக் கொடுத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தாத்தாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். ‘காலத்தின் ரேகைகள் படிந்த அவரது கைகள் ஆயிரம் கதைகளைச் சொல்லும்’ என்று ஆரம்பித்தது. ‘அவர் வெறும் தாத்தா மட்டுமல்ல, என் வாழ்வின் கலங்கரை விளக்கம்’ என்று முடிந்தது. பிழை ஒன்றுகூட இல்லை. அதில் தாத்தாவும் இல்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டு, தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். லாரி ஓட்டினாராம். இப்போது? வீட்டில்தான் இருக்கிறார். கதை சொல்வாரா? ‘அவர் பேசவே மாட்டார் சார்.’ அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, ‘தூக்கத்துல மட்டும் கால அழுத்துவாரு. பிரேக் போடுற மாதிரி. நான் பக்கத்துல படுத்திருப்பேன், சில நாள் எனக்கு உதை விழும்’ என்றான். சுற்றி இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். ‘இதெல்லாம் எழுதலாமா சார்?’

அவனை அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொன்னேன். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாமாக நாலைந்து வரி எழுதியவன், பேனாவை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். ‘சார், பிரேக்கும் வலது கால்தான், ஆக்ஸிலேட்டரும் வலது கால்தான். அவர் எத அழுத்துறாருன்னு எனக்குத் தெரியல. கேட்டுட்டு வந்து எழுதட்டுமா?’

வீட்டுப்பாடம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பையனைத்தான் சொல்வேன். எழுத உட்காரும் வரை அவனுக்கு அந்தக் கேள்வி கிடையாது. பல வருடம் அந்தக் காலுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறான். ‘பிரேக்’ என்று காகிதத்தில் எழுதிய பிறகுதான், அது உண்மையா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததும், பேசாத ஒரு மனிதரிடம் போய்ப் பேச அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது. சாட்பாட் கொடுத்த இரண்டு பக்கத்தில் இப்படிச் சந்தேகம் எழ இடமே இல்லை. எல்லா வரியும் முடிந்த வரி.

நீங்கள் கட்டுரை கேட்டீர்கள், கட்டுரை கிடைத்தது. 42 தாத்தாக்களையும் அத்தைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தீர்களா? ‘இதெல்லாம் எழுதலாமா’ என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறான் என்றால், எட்டு வருடமாக அவன் எழுதியதற்கெல்லாம் நாம் டிக் போட்ட விதம் அப்படி. முன்னுரை, பொருளுரை, முடிவுரை இருக்கிறதா, மேற்கோள் இருக்கிறதா, கையெழுத்து நன்றாக இருக்கிறதா, பக்கம் நிறைந்திருக்கிறதா. டிக், தேதி, கையெழுத்து, அடுத்த நோட்டு. யாரும் படிக்காத ஒன்றை யார் எழுதினால் என்ன என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவருவதற்கு வெகுகாலம் முன்பே நோட்ஸைப் பார்த்து எழுதினார்கள், அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதினார்கள், அப்பா அம்மா எழுதிக்கொடுத்தார்கள். அப்போதெல்லாம் நாம் டிக் போட்டோம்.

வேலைச் சுமை எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். 42 பேர் கொண்ட வகுப்பு, அதைப்போல் இன்னும் இரண்டு மூன்று வகுப்பு, தேர்வுத்தாள், பதிவேடுகள், கூட்டங்கள். ஓர் ஆசிரியை இரவு பதினொரு மணிக்குக் கட்டுரை நோட்டுக் கட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் அம்மாவுக்கும் இதே வேலைதான். எல்லா நோட்டையும் வரிவரியாகத் திருத்த யாராலும் முடியாது. நான் கேட்பது திருத்துவதை அல்ல, படிப்பதை. அம்மா ஒவ்வொரு கட்டிலும் சில நோட்டுகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வாள். அவற்றில் பிழை எதையும் தொடமாட்டாள். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதுவாள். ‘அந்த நாய் அப்புறம் திரும்பி வந்ததா?’ ‘மாமா ஏன் கோபித்துக்கொண்டார்?’ அந்தக் கட்டில் வராத பிள்ளைகளுக்கு அடுத்த கட்டில் முறை வரும். மறுநாள் நோட்டு கைக்கு வந்ததும் பிள்ளைகள் மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தைப் புரட்டுவார்கள் என்று சொல்வாள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வருவார்கள், யாரும் எழுதச் சொல்லாமலே.

துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரம் பேரளவில் வைத்து கணிதத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2024இல் வெளியானது. வெறும் சாட்பாட்டை வைத்துப் பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள், அது இல்லாதவர்களைவிட 48 விழுக்காடு நன்றாகப் போட்டார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, சாட்பாட்டையே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கினார்கள். குறைவாகக் கற்றோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் மூன்றாவது ஒரு குழு இருந்தது. அவர்களுக்குக் கொடுத்த சாட்பாட் விடையைச் சொல்லாது, குறிப்பு மட்டும் கொடுக்கும். அந்தக் கணக்கில் பிள்ளைகள் எங்கே தவறுவார்கள், தவறினால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்கள் அதற்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் குழுவுக்குத் தேர்வில் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. பிள்ளைகள் எந்த இடத்தில் தவறுவார்கள் என்பது அந்த ஆசிரியர்களுக்கு எப்படித் தெரிந்தது? நோட்டைப் படித்திருக்கிறார்கள், வேறெப்படி?

நமக்கு இதில் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசான் சொல்வதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கால் பங்குதான் வரும், உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால், மற்ற அரைப் பங்கும் பிறருக்கு எடுத்து உரைக்கும்போதுதான் வரும் என்று நன்னூல் கணக்குப் போட்டுச் சொல்கிறது. எத்தனை நூற்றாண்டுக்கு முன்னால்! பாதிப் படிப்பு, கேட்கிற ஒருவர் எதிரே இருந்தால்தான் நடக்கும். 2006இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதில் 40 விழுக்காடு நினைவிருந்தது. படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. ஆனால் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே. சாட்பாட்டின் பதிலைப் படித்துவிட்டு ‘புரிந்துவிட்டது’ என்று சொல்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அதற்குத் தோன்றுகிறது. இரண்டு கேள்வி கேட்டால் அதற்கே தெரிந்துவிடும், நீங்கள் பூஜ்யம் போட வேண்டியதில்லை.

ஆகவே அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்குங்கள். ஏஐ எழுதியது என்று நீங்கள் நினைப்பவற்றையும் சேர்த்துத்தான். நாளுக்கு நான்கைந்து பேரைக் கூப்பிட்டு, நோட்டை மூடிவிட்டு, அந்த மனிதரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்? எதைக் கண்டால் எரிச்சல்படுவார்? பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். சொன்னதை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அரைப் பக்கம் போதும். பத்து நாளில் வகுப்பு முடிந்துவிடும். பாடத்திட்டம் பின்தங்கும் என்பீர்கள். பின்தங்கட்டும். யாரும் படிக்காத 42 கட்டுரைகளால் எந்தப் பாடம் முன்னேறியது?

கையால் எழுதவைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் வீட்டில் எழுதினால் போனைப் பார்த்துக் கையால் எழுதுவார்கள். வகுப்பில் எழுதினால் மனப்பாடம் செய்துவந்து எழுதுவார்கள். எப்படி எழுதவைத்தாலும் ஓரத்தில் உங்கள் பென்சில் படுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணின் கட்டுரை யாரைப் பற்றியது என்று நீங்கள் எழுதவில்லை. அவள் கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.