பாபி அன்சரும் பைக்ஸ் பீக் மலையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்கக் கார் பந்தய வீரர் பாபி அன்சர் இண்டியானாபோலிஸ் 500 என்ற பெரிய பந்தயத்தில் ஜெயித்தவர் என்று தெரியும். மலைப்பாதையில் கார் ஓட்டி உச்சிக்கு ஏறும் பந்தயத்தில் அப்படி என்ன செய்துவிட்டார்?

இண்டியானாபோலிஸில் அவர் ஜெயித்தது 3 முறை (1968, 1975, 1981). கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையில் ஒட்டுமொத்தமாக முதலிடம் பிடித்தது 10 முறை. முதல் வெற்றி 1956இல், அப்போது அவருக்கு 22 வயது. அப்புறம் 1958இலிருந்து 1963 வரை ஒரு வருஷம்கூட விடாமல் 6 தடவை. என்னைக் கேட்டால் அவருடைய ஓட்டத்திறமை முழுசாகத் தெரிந்தது அந்த மலையில்தான், இண்டியானாபோலிஸ் மாதிரியான நீள்வட்ட (ஓவல்) பாதையில் இல்லை.

அண்ணா, அது என்ன அவ்வளவு கஷ்டமான பாதையா?

சுமார் 20 கிலோமீட்டர், 156 வளைவுகள், முடிவது 14,115 அடி உயரத்தில். அவர் காலத்தில் முழுக்க சரளை மண் ரோடு. பல இடங்களில் தடுப்புச் சுவரே கிடையாது, சக்கரம் விளிம்பைத் தாண்டினால் நேராகப் பள்ளத்தாக்கு. சரளையில் வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடித்துப் பயனில்லை, முன்கூட்டியே வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரால்தான் அந்தச் சறுக்கலைக் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று மனப்பாடமாகத் தெரியாதவர் அங்கே வேகமாகப் போகவே முடியாது.

மேலே போகப்போக இன்ஜின் திணறும் என்கிறார்களே சார், எப்படிச் சமாளித்தார்கள்?

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. சாதாரண இன்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கிவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்தான் பெரிய தலைவலி: கீழே சரியாக இருக்கிற கலவை மேலே போனால் பெட்ரோல் அதிகமாகி மூச்சுமுட்டும், உச்சிக்கு ஏற்ற மாதிரி வைத்தால் கீழே கலவை மெலிந்து பிஸ்டன் உருகும் அபாயம், அதனால் நடுவில் ஏதோ ஒரு உயரத்துக்குப் பொருத்தமாக வைத்து ஓட்டுவார்கள். விட்ட வேகத்தை அந்த உயரத்தில் திரும்பப் பிடிக்கவும் முடியாது. வளைவில் வேகத்தைச் சிந்தாமல் காப்பாற்றுகிறவரே ஜெயிப்பார், பாபிக்கு அது கைவந்த கலை.

குடும்பமே பந்தயக் குடும்பமாமே?

ஆமாம், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாபியின் அப்பாவுடன் பிறந்த லூயிஸ் அன்சர் இதே மலையில் 1934 முதல் 1953 வரை 9 முறை ஜெயித்தவர். 1953இல் கடைசியாக ஜெயித்தபோது அவருக்கு 57 வயது! 1968இல் பாபி தன் 9வது வெற்றியோடு அவரைச் சமன் செய்தார். அதே ஆண்டு, பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டித் தரும் அமெரிக்கத் தேசிய சாம்பியன் பட்டமும் கிடைத்தது. இன்னொரு பந்தய வீரரான மாரியோ ஆண்ட்ரெட்டியை முந்தியது வெறும் 11 புள்ளிகளில். பைக்ஸ் பீக் வெற்றியும் அந்தப் புள்ளிக் கணக்கில் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குடும்பத்தில் துயரமும் உண்டு. பாபியின் அண்ணன் ஜெர்ரி 1959இல் இண்டியானாபோலிஸ் பயிற்சியில் நடந்த விபத்தில் தீக்காயம் பட்டு இறந்தார்.

10வது வெற்றி எப்போது?

18 வருஷம் கழித்து, 1986இல். 52 வயது, அதற்குள் பந்தயத்திலிருந்து ஓய்வும் பெற்றிருந்தார். ஆடி ஸ்போர்ட் குவாட்ரோ எஸ்1 வண்டியில் வந்து 11 நிமிடம் 9.22 விநாடியில் ஏறி, முந்தைய ஆண்டு பிரெஞ்சு வீராங்கனை மிஷேல் மூட்டோன் ஆடி வண்டியில் வைத்திருந்த 11:25.39 சாதனையை முறித்தார். அவர் பழகியதெல்லாம் பின்சக்கர இயக்கம், இதுவோ நான்கு சக்கரமும் இழுக்கிற டர்போ வண்டி, ஓட்டும் முறையே வேறு. அந்த வயதில் அதைக் கற்றுக்கொண்டு ஜெயித்ததைத்தான் அவருடைய ஆகப்பெரிய ஓட்டம் என்பேன். லூயிஸ் 1979இலேயே காலமாகிவிட்டதால் தன் எண்ணிக்கை முறியடிக்கப்பட்டதைப் பார்க்கவில்லை.

இப்போது 8 நிமிடத்துக்குள் ஏறுகிறார்களே, அப்போ இவர் மெதுவா?

அப்படி ஒப்பிடாதீர்கள். 2018இல் பிரெஞ்சு வீரர் ரோமன் டுமா 7:57.148இல் ஏறியது முழுக்கத் தார் போட்ட ரோட்டில், காற்றுக்குறைவால் சக்தி இழக்காத மின்சார ஃபோக்ஸ்வாகனில்.

தம்பி ஆல் அன்சரும் அங்கே ஓட்டினாரா?

ஓட்டினார், 1964லும் 1965லும் ஜெயித்தார். பாபியின் 6 வருஷத் தொடரை நிறுத்தியதே அவர்தான்.