குரோம் தொட்டிக்குப் பயந்து இந்தத் துறையையே விட வேண்டாம்

உலோகவியல் முடிக்கும் மகளுக்கு விமான பாகங்களுக்கு முலாம் பூசும் பிரிவில் பயிற்சி இடம் வந்திருக்கிறது. குரோமியம், காட்மியம் என்ற பெயர்களைக் கேட்டதும் கலங்குகிறீர்கள். கலக்கத்தில் நியாயம் இருக்கிறது. முலாம் தொட்டியில் இருக்கும் ஹெக்ஸாவேலண்ட் (ஆறு இணைதிறன்) குரோமியம், காட்மியம் இரண்டுமே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை. குரோம் முலாம் பூசும் அமிலத் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாகத்தான் போகிறது. அந்தக் குமிழிகள் மேலே வந்து உடையும்போது அமிலம் நுண்துளிகளாகக் காற்றில் கலக்கும். தொட்டி விளிம்பில் காற்றுறிஞ்சி உண்டா, காற்றில் குரோமியம் அளக்கிறார்களா என்று சேருமுன்பே கேளுங்கள். அமெரிக்க வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அளவுக் குறிப்பைக் காட்டத் தயங்கும் இடம் வேண்டவே வேண்டாம்.

ஆனால் அவள் கற்க வேண்டியது அந்தத் தொட்டியை அல்ல, அதற்கான மாற்றுகளை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு அந்தத் தொட்டியின் மூலப்பொருளான குரோமியம் ட்ரையாக்சைடைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக நிரூபித்தாக வேண்டும்.

லேண்டிங் கியர் (விமானம் தரையிறங்கும் சக்கர அமைப்பு) தண்டுக்குக் கடின குரோம் முலாமுக்குப் பதில், அதிவேகச் சுடரில் டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட்-குரோம் தூளைத் தெளிக்கிறார்கள். கடினம் கூடுதல், தேய்மானம் குறைவு. குறுகிய துளையின் உட்சுவருக்கு மட்டும் இது எட்டாது, ஏனென்றால் தூளைத் தெளிக்கும் துப்பாக்கிக்கு நேர்பார்வை வேண்டும். வைரச் சக்கரத்தில் அரைக்கும்போது சூடு மீறினால் பூச்சில் விரிசல் விழும், அடியிலுள்ள எஃகும் கெடும்.

போல்ட்டுகளில் காட்மியத்துக்குப் பதிலாக வருவது, 12 முதல் 16 சதவீதம் நிக்கல் கலந்த துத்தநாகம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காட்மியத்துக்கு இயல்பிலேயே வழுவழுப்பு உண்டு. பூச்சு மாறினால் உராய்வு மாறும். பழைய டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கினால் பழைய இறுக்கம் கிடைக்காது. இன்னொரு ஆபத்து ஹைட்ரஜன். முலாம் பூசும்போது அது உயர்வலிமை எஃகுக்குள் புகுந்துவிடும். அதை வெளியேற்ற வழக்கமான விதி, முலாம் பூசிய நான்கு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, சுமார் 190 டிகிரி செல்சியஸில் 23 மணி நேரமாவது சுட வேண்டும் என்பது. தவறினால் பாகம் வெளிப்பார்வைக்குக் குறையில்லாமல் இருக்கும், பளு ஏறிய பின் திடீரென முறியும். அதனால்தான் வெட்டுத்தடம் போட்ட மாதிரித் துண்டை, அதன் முறிவு வலிமையில் 75 சதவீதப் பளுவில் 200 மணி நேரம் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். இந்தச் சோதனையை நடத்தி, முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் படிக்கத் தெரிந்தவருக்கு எந்தப் பூச்சு வந்தாலும் வேலை உண்டு.

மின்வேதியியல், அரிமானம், முறிவியல், புள்ளியியல் நான்கையும் அவள் அழுத்தமாகப் படிக்கட்டும். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் துத்தநாக-நிக்கல் பூச்சையே எடுக்கலாம்: பூச்சில் எஃகு தெரியுமளவு கீறல் போட்டு உப்புப் புகைச் சோதனை (உப்புநீர்த் தூவலில் வைத்து அரிமானம் பார்ப்பது), குறுக்குவெட்டில் தடிமன் அளவீடு. நேர்காணலில் அவள் கேட்க வேண்டிய கேள்வி, பயிற்சிக் காலத்தில் தொட்டியருகே எத்தனை மாதம், சோதனைக்கூடத்தில் எத்தனை மாதம் என்பதுதான். சோதனைக்கூடம் அறவே இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.