வள்ளி திருமண நாடகத்தில் தர்க்கம் ஏன் அவ்வளவு நீள்கிறது?

காரைக்குடிப் பக்கத்துத் திருவிழாவொன்றில் ‘வள்ளி திருமணம்’ பார்த்தவர், தெரிந்த கதையில் வள்ளியும் நாரதரும் ஏன் அவ்வளவு நேரம் வாதிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாடல்களை ஒட்டி நடக்கும் இந்த ஸ்பெஷல் நாடகத்தில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒத்திகையின்றியே மேடையேறும் நடிகர்கள், ஆர்மோனியக்காரர் எடுத்துக்கொடுக்கும் சுருதியைப் பிடித்துக்கொண்டு கேள்விக்குக் கேள்வி பாட்டாகவும் வசனமாகவும் தொடுப்பதால், தர்க்கம்தான் அந்த இரவின் உயிர்.

முருகன் இறைவன், வள்ளி ஆன்மா என்பது சைவர் சொல்லும் உட்பொருள். எனக்கு அது பாதிதான். ஆலோலம் பாடிக் குருவி ஓட்டிய அதே குரலில் தினைப்புனத்துக் குறப்பெண் முனிவரையே மடக்குகிறாள். கடவுளோ வேடனாகவும் கிழவனாகவும் வந்து அவள் சம்மதத்துக்காக நிற்கிறார். பொட்டலில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஆச்சிமார், பபூனின் பகடியைவிட வள்ளியின் பதிலடிக்கே அதிகம் கைதட்டுகிறார்கள்.