நுழைவாயில் நாட்டில் நிறுவனம் தொடங்கலாமா?

கேள்வி: நாங்கள் நீர் இறைக்கும் பம்புகளைத் தயாரித்து ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம். இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் விலை கேட்டு விசாரிக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவின் நுழைவாயில் சிங்கப்பூர்தான் என்றும், அங்கே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டால் சுற்றியுள்ள சந்தைகள் திறந்துவிடும் என்றும் ஒரு வணிகச் சந்திப்பில் முதலீட்டு ஊக்குவிப்பு அதிகாரிகள் சொன்னார்கள். இந்தச் செலவைச் செய்யலாமா?

பதில்: உங்களிடம் சொன்னது பொய்யல்ல, ஆனால் அந்த வாயில் வழியாக எது போகும், எது போகாது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு முதலீட்டைக் கொண்டுவருவதே முதலீட்டு ஊக்குவிப்பு முகமைகளின் வேலை. பக்கத்து நாட்டில் உங்கள் பம்பு விற்குமா என்பதற்கு அவை பொறுப்பேற்பதில்லை. எனவே சரக்கு, ஒப்பந்தம், பணம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

சரக்கைப் பொறுத்தவரை, பலர் ஏமாறும் இடம் உற்பத்தி மூல விதிகள், அதாவது ஒரு பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானதாகக் கருதப்படும் என்பதை முடிவு செய்யும் விதிகள். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில், 2010-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு வணிக உடன்பாட்டின்படி உறுப்பு நாடுகளுக்கிடையே பெரும்பாலான பொருட்களுக்குச் சுங்க வரி இல்லை. ஆனால் அந்தச் சலுகை ஆசியானில் உற்பத்தியான பொருளுக்கு மட்டுமே உரியது: பொதுவாக மதிப்பில் 40 விழுக்காடாவது ஆசியான் நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும், அல்லது அங்கே நடந்த உற்பத்தியால் பொருளின் சுங்க வகைப்பாடே மாறியிருக்க வேண்டும். வேறு நாட்டில் செய்த பம்பைச் சிங்கப்பூர்க் கிடங்கில் இறக்கி, பெட்டியையும் சீட்டையும் மாற்றி அனுப்பினால், ஜகார்த்தாவின் சுங்க அதிகாரிக்கு அது பழைய நாட்டின் பம்பாகவே இருக்கும். உங்கள் நாட்டுக்கும் ஆசியானுக்கும் தனி வணிக ஒப்பந்தம் இருந்தால், உரிய மூலச் சான்றிதழோடு நேரடியாக அனுப்புவதே பெரும்பாலும் மலிவு. தவிர, இந்தோனேசியாவில் சில பொருட்களுக்கு எஸ்.என்.ஐ. என்னும் தேசியத் தரச்சான்று கட்டாயம். சிங்கப்பூர் முகவரி அதற்கு ஈடாகாது. உதிரிபாகங்களின் கதை வேறு. பழுதான பம்புக்கு ஓரிரு நாளில் பாகம் போய்ச் சேர வேண்டுமென்றால், இரு சந்தைகளுக்கும் பொதுவான ஒரு சேமிப்பு இடம் உண்மையிலேயே பயன் தரும்.

நுழைவாயில் நாட்டின் மெய்யான வலிமை ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் அந்த வலிமை அங்கே நிறுவனம் வைப்பதால் வருவதன்று. ஒப்பந்தத்தை எழுதும் விதத்தால் வருவது. வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளை இந்தோனேசிய நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தருவதில்லை. பாக்கித் தொகைக்காகச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வென்றாலும், இந்தோனேசியாவில் வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கும். அதே தகராறு, நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் மன்றத்துக்குப் போனால் நிலைமை மாறுகிறது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்கும் 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தோனேசியா 1981-லும் வியட்நாம் 1995-லும் சேர்ந்துவிட்டன. ஆகவே தகராறுகள் சிங்கப்பூரில் நடுவர் மூலம் தீர்க்கப்படும் என்ற ஒரு விதியை உங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால், அங்கே எதையும் பதிவு செய்யாமலே அந்நாட்டின் சிறந்த சேவை உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: இந்தோனேசியத் தரப்போடு செய்யும் ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியிலும் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தத்தை மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்று அறிவித்தது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரின் நிறுவன வரி விகிதம் 17 விழுக்காடு; இது கவர்ச்சியானதுதான். ஆனால் உள்ளூரில் வசிக்கும் ஓர் இயக்குநரும், ஒரு நிறுவனச் செயலாளரும் கட்டாயம் வேண்டும். கணக்கு, தாக்கல் செலவுகள் விற்பனை இல்லாத ஆண்டிலும் நிற்காது. முடிவுகளை எல்லாம் நீங்கள் சொந்த நாட்டிலிருந்தே எடுத்தால், பல நாடுகளின் சட்டப்படி அந்த நிறுவனம் உங்கள் நாட்டிலேயே வரி கட்ட வேண்டியிருக்கும்.

வாயிலின் சாவி பக்கத்து நாட்டிடமும் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இந்தியாவுக்குள் முதலீடு செய்ய மொரீஷியஸ் நெடுங்காலம் வாயிலாக இருந்தது; 2016-இல் வரி உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் வாங்கிய பங்குகளின் மூலதன ஆதாயத்துக்கு இந்தியாவிலேயே வரி என்றானதும் அந்த வழியின் முதன்மைக் கவர்ச்சி போயிற்று. துபாயிலிருந்து சவூதி அரேபியாவுக்கு விற்றவர்களுக்கும் இப்படியே நேர்ந்தது: தடையற்ற வணிக மண்டலங்களில் தயாராகும் பொருட்களுக்கான சுங்கச் சலுகையைச் சவூதி 2021-இல் நீக்கியது, வட்டாரத் தலைமையகத்தைத் தன் நாட்டில் வைக்காத வெளிநாட்டு நிறுவனங்களோடு அரசு அமைப்புகள் ஒப்பந்தம் செய்வதை 2024 முதல் கட்டுப்படுத்தியது.

உங்கள் நிலையில் நான் இருந்தால், இப்போது நிறுவனம் தொடங்க மாட்டேன். இரு நாடுகளிலும் இறக்குமதி உரிமமும் பழுது பார்க்கும் ஆட்களும் உள்ள விநியோகஸ்தரை நாட்டுக்கு ஒருவராகத் தேடி, முதல் ஒப்பந்தத்தில் அவருக்கு மட்டுமே விற்பனை உரிமை என்று கொடுக்காமல், நடுவர் விதியோடு ஓராண்டு விற்றுப் பார்ப்பேன். இரு சந்தைகளிலிருந்தும் மறு ஆர்டர்கள் வந்து, உதிரிபாகச் சேமிப்புக்கும் அங்கேயே தங்கி வேலை செய்யும் ஒருவருக்கும் தேவை ஏற்படும்போது சிங்கப்பூர் பதிவைப் பற்றி மீண்டும் யோசிக்கலாம். அதற்கு முன்பு ஊக்குவிப்பு அதிகாரிகளைச் சந்திக்க நேர்ந்தால், வரிச் சலுகைகளைக் கேட்பதைவிட, உங்கள் அளவிலான இயந்திரத் தயாரிப்பாளர் ஒருவர் அங்கிருந்து இந்தோனேசியாவுக்கு விற்பவராக இருந்தால் அவரை அறிமுகப்படுத்தும்படி கேளுங்கள். அவரிடம், முதல் சரக்குப் பெட்டகம் சுங்கத்தைத் தாண்ட எத்தனை நாள் ஆனது, எந்த ஆவணத்தால் தாமதமானது என்ற இரண்டையும் விசாரியுங்கள்.