"1933 ஜெர்மன் தொழிற்சேவை பக்கிள்" என்று விற்கிறார்கள். வருடத்தை எப்படிச் சரிபார்ப்பது?

நீங்கள் போட்டிருக்கும் படத்தில் தெரிவது சீருடையின் இடுப்புப் பட்டையில் மாட்டும் அலுமினியப் பெட்டி பக்கிள், அதாவது செவ்வகத் தகடு வடிவப் பக்கிள். நடுவில் மண்வெட்டித் தகடு, அதன்மேல் நாஜி ஸ்வஸ்திகா, கூடவே கோதுமைக் கதிர்கள். விற்பவர் 1933 என்கிறார். பக்கிள் அசலாகவே இருக்கலாம். ஆனால் அந்த வருடத்தை நான் நம்ப மாட்டேன். இந்தச் சந்தையில் பொருளைவிட வருடம்தான் அதிகம் பொய் சொல்கிறது. பழசு என்றால் விலை ஏறும், அவ்வளவுதான் காரணம்.

முதலில் கொஞ்சம் வரலாறு, ஏனென்றால் பாதிச் சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும். 1931 ஜூனில் ஜெர்மன் சான்சலர் ப்ரூனிங்கின் அரசு ஓர் அவசர ஆணை வழியாகத் தன்னார்வத் தொழிற்சேவையை (எஃப்.ஏ.டி.) தொடங்கியது. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தொட்டது. இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்து, சதுப்பு நிலத்தை வடிக்கவும் பாதை போடவும் விட்டார்கள். முகாம்களை அரசு நேரடியாக நடத்தவில்லை. தேவாலய அமைப்புகள், தொழிற்சங்கங்கள், விளையாட்டுச் சங்கங்கள், ஸ்டால்ஹெல்ம் போன்ற பழைய ராணுவத்தினர் சங்கம் என ஆளாளுக்கு நடத்தினார்கள். பொதுச் சீருடை கிடையாது. ஆகவே அந்தக் காலத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான "எஃப்.ஏ.டி. பக்கிள்" என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை. யாராவது அப்படி விற்றால், எந்த அமைப்பு, எந்த முகாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கட்சிக்காரரான கான்ஸ்டன்டீன் ஹீர்ல் தலைமையில் எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். 1935 ஜூன் 26 சட்டம் அதை ரைஷ் தொழிற்சேவை (ஆர்.ஏ.டி.) என்ற கட்டாயச் சேவையாக்கியது: 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு 6 மாதம். மண் நிறச் சீருடை, கையில் பளபளவென்று துடைத்த மண்வெட்டி. பக்கிள்கள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டது அதற்கப்புறம்தான். இன்று சந்தையில் சுற்றுவதில் பெரும்பகுதி இந்த ஆர்.ஏ.டி. சரக்கே. அதனால் ஒரு பக்கிளுக்கு 1933 என்று சொல்பவர்தான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

அடுத்தது உலோகம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முப்பதுகளின் முதல் பாதியில் சீருடை பக்கிள் என்றால் பித்தளை, நிக்கல் வெள்ளி (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை), அல்லது இவற்றின்மேல் நிக்கல் பூச்சு. சிலவற்றில் நடுச்சின்னம் தனித் துண்டாக அடிக்கப்பட்டு முகத்தில் பொருத்தப்பட்டிருக்கும். முப்பதுகளின் நடுவில் இருந்து அலுமினியம் வருகிறது. மறு ஆயுத உற்பத்திக்குச் செம்பும் நிக்கலும் தேவைப்பட்டன. இரண்டும் பெரும்பாலும் ஜெர்மனிக்கு வெளியிலிருந்து வரவேண்டியவை. போர் தொடங்கியபின் அலுமினியம் விமானத்துக்குப் போய்விட, பெயிண்ட் அடித்த இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்துக்கு வருகின்றன. ஆக, உங்கள் அலுமினியத் துண்டுக்கு 1936 முதல் 1940 வரையிலான ஆண்டுகள்தான் இயல்பாகப் பொருந்தும். பெயிண்ட் அடித்த இரும்பு வந்தால், அதைப் "போர்களுக்கு இடைப்பட்ட காலம்" என்று சேகரிப்பில் சேர்க்க வேண்டாம். வீட்டில் ஒரு காந்தம் போதும், இரும்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் உலோகம் சொல்வது தொடக்க வருடத்தைத்தான். தொழிற்சாலையில் மிச்சமிருந்த பழைய சரக்கு தீரும்வரை அடித்தார்கள், கிடங்கில் இருந்ததைக் கொடுத்தார்கள். 1939-இல் நிக்கல் பூச்சு பக்கிள் போட்ட பையன் இருந்திருப்பான். "இதற்கு முன் இருக்காது" என்று சொல்லலாம். "இதற்குப் பின் இருக்காது" என்று சொல்ல உலோகம் மட்டும் போதாது.

இந்தப் பக்கிள்களில் கணிசமானவை வெஸ்ட்ஃபாலியாவில் உள்ள லூடன்ஷைட் என்ற மலையூரில் செய்யப்பட்டவை. பல தலைமுறையாகச் சீருடைப் பொத்தான் செய்த ஊர். முதல் செப்பலின் ஆகாயக் கப்பலுக்கு (1900) அலுமினியச் சட்டம் கொடுத்த கார்ல் பெர்க் இந்த ஊர்க்காரர். அலுமினியத்தைத் தகடாக்கி அழுத்தும் வித்தை அங்கே ஏற்கெனவே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அஸ்மான் போன்ற நிறுவனங்களின் முத்திரை பின்பக்கத்தில் கிடைத்தால் நல்லது. சிலவற்றில் வருடமும் இருக்கும், அப்படியிருந்தால் பாதி வேலை முடிந்தது. "டி.ஆர்.ஜி.எம்." என்று மட்டும் இருந்தால் மகிழ வேண்டாம். அது வடிவப் பதிவுக் குறி. 1891 முதல் 1945 வரை எதில் வேண்டுமானாலும் வரும். நாஜிக் கட்சி அமைப்புகளின் பொருள்களில் வரும் ஆர்.இசட்.எம். (கட்சியின் தளவாட அலுவலகம்) குறியையும் எண்ணையும் விற்பவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். ஆர்.ஏ.டி. அரசு அமைப்பு, கட்சிக் கிளை அல்ல. ஆகவே அந்தக் குறி அதற்குச் சான்றாகாது. இருந்தால் கேள்விதான் கூடும்.

பின்பக்கம் என்றேனே, அதுதான் முக்கியம். அசல் பக்கிள் தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்தது. முன்னால் மேடாக இருக்கும் உருவம் பின்னால் பள்ளமாகத் தெரியும். பின்பக்கம் வழவழவென்று தட்டையாக, ஊசிமுனைத் துளைகளோடு இருந்தால் உருக்கி ஊற்றிய வார்ப்பு, போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதிரின் மணிகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: அச்சில் அடித்ததில் விளிம்பு கூராக இருக்கும், வார்ப்பில் சோப்புக் கட்டி கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். தேய்மானமும் நியாயமான இடத்தில் இருக்க வேண்டும். கொக்கியின் உள்பக்கம், தோல் உரசும் குறுக்குக் கம்பி, முகத்தின் மேடான இடங்கள். முகம் மட்டும் தேய்ந்து கொக்கி புதுசாக மின்னினால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். பக்கிளின் பின்னால் கோத்த தோல் துண்டு (தோல் நாக்கு) இருந்தால் அதன் தையல் நூலைப் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள், ஒளிர்ந்தால் போருக்குப் பிந்திய நூல் என்பது வழக்கம். முழுதாக நம்பாதீர்கள், சலவைத்தூள் பட்ட பழைய நூலும் ஒளிரும்.

என்னைக் கேட்டால், பக்கிளோடு புகைப்படமும் சேவைப் புத்தகமும் வந்தால் இரு மடங்கு கொடுத்தாலும் தப்பில்லை. புத்தகத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். புகைப்படத்தில் சீருடையின் இடது மேற்கைப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மண்வெட்டி வடிவத் துணிச் சின்னத்தில் பிரிவு எண்ணும் குழு எண்ணும் இருக்கும், அதை வைத்து முகாமைத் தேடலாம். ஒரே ஆளின் மூன்று பொருளும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். பிறகு யாரோ ஒன்று சேர்த்த தொகுப்பாகவும் இருக்கலாம், கவனம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் குற்றவியல் சட்டப் பிரிவு 86அ ஸ்வஸ்திகா போன்ற நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவதைத் தடுக்கிறது. ஆய்வு, கல்வி, கலைக்கு விலக்கு உண்டு. ஏல அட்டவணைகளிலும் பழைய பொருள் சந்தைகளிலும் சின்னத்தின் மேல் தாள் ஒட்டியிருப்பது அதனால்தான். அங்கே பயணம் போகும்போது இதன் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். வாங்கி வைப்பதிலும் எனக்கு ஒரு வரம்பு உண்டு: கண்ணாடிப் பெட்டியில் ஹாலில் மாட்டும் பொருள் இது இல்லை. காகிதங்களோடு ஒரு கோப்பில் இருந்தால் வரலாற்றுச் சான்று, இடுப்பில் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தால் வேறு விஷயம்.

சரி, இப்போதைக்கு விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: பின்பக்கம் முழுதாக, கொக்கி நெருக்கமாக, தராசில் வைத்து எடை தெரியும்படி. எடை அலுமினியத்துக்குப் பொருந்தாமல் கனத்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். மூன்றும் ஒழுங்காக இருந்தால் 1936-க்குப் பிந்திய ஆர்.ஏ.டி. பக்கிள் என்ற கணக்கில் பேரம் பேசுங்கள். 1933-க்கான விலையைக் கொடுக்காதீர்கள்.