நூலகர் பதில்கள்: கட்டடம் பூட்டியிருக்கும்போது

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. மேற்கூரைப் பழுதுபார்ப்புக்காக எங்கள் பல்கலைக்கழக நூலகத்தை ஆறு மாதங்களுக்கு மூடிவிட்டார்கள். "எங்கள் முகநூல் பக்கத்தைப் பின்தொடருங்கள்" என்று வாயிலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் தினமும் வாழ்த்துப் படங்கள் வருகின்றன. ஒரு நூலைப் பற்றி இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. கட்டடம் மூடியிருக்கையில் சமூக ஊடகத்தைக் கொண்டு ஒரு நூலகம் என்னதான் செய்ய முடியும்?
— ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: கேட்டீர்கள், பதில் வரவில்லை என்கிறீர்களே, குறை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நூலகம் திறந்திருந்தபோது குறிப்புதவி மேசையில் ஒருவர் உட்கார்ந்து, வருகிறவர்களின் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தார். கட்டடத்தை மூடிய பிறகு அவர் எங்கே போனார் என்று கேளுங்கள். 2020இன் ஊரடங்குக் காலத்தில் அவரைச் சமூக ஊடகப் பக்கத்தின் பொறுப்பில் அமர்த்திய நூலகங்கள் மாணவர்களுக்குப் பயன்பட்டன. அமர்த்தாதவை உலகப் புத்தக நாளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு ஓய்ந்தன.

அந்த ஆண்டு மார்ச் நடுவில் தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டு, 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஆய்வு மாணவர்களில் பலர் திகைத்து நின்றது மின்னிதழ்களின் முன்னால்தான். பல்கலைக்கழகம் சந்தா கட்டும் இதழ்களில் பெரும்பாலானவை, கேட்பவர் வளாகத்தின் ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) வருகிறாரா என்று பார்த்துத்தான் உள்ளே விடும். விடுதி அறையில் தடையில்லாமல் திறந்த அதே கட்டுரை, சொந்த ஊரில் கைபேசியில் திறந்தால் பணம் கேட்கும். இதற்கு வழி ஏற்கெனவே இருந்தது: பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்ற ஏற்பாட்டில் சேர்ந்துள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், தங்கள் நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு வீட்டிலிருந்தே நுழையலாம். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

அந்த நாள்களில் நான் பார்த்த இரண்டு பதிவுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒன்று, சுற்றறிக்கையைச் சாய்வாக ஸ்கேன் செய்து படமாகப் போட்டது. வீட்டிலிருந்து மின்னிதழ் படிக்கும் வசதியை மாணவர்கள் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று நான்கு வரி, கீழே கையொப்பம், முத்திரை. இணையமுகவரி படத்துக்குள் இருந்ததால் தொட்டால் திறக்காது. எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்ட வேண்டும். மற்றொன்றை எழுதியவர் இன்னொரு நூலகத்தின் இளம் உதவி நூலகர். தம் கைபேசித் திரையை நான்கு படங்களாக எடுத்து, தொட வேண்டிய இடங்களில் சிவப்பு வட்டமிட்டு, நிறுவனங்களின் நீண்ட பட்டியலில் தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் எந்த எழுத்தின் கீழ் வரும் என்பது வரை அவர் எழுதியிருந்தார். கடவுச்சொல் மறந்துவிட்டது, பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது என்று கீழே மாணவர்கள் எழுத எழுத, அன்றன்றைக்கே பதில் வந்தது. ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்தபோது அதற்கென்று தனிப் பதிவே போட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த ஒரு விதியை வைத்தே இவ்விரண்டு பதிவுகளையும் எடை போட்டுவிடலாம்.

உங்கள் நிலை 2020ஐக் காட்டிலும் மேல். பழுது கூரையில்தான், ஊழியர்கள் பணியில்தான் இருக்கிறார்கள். வேண்டிய நூலின் பெயரையும் அடுக்கு எண்ணையும் எழுதிக் கொடுத்தால், அலமாரியிலிருந்து எடுத்து வந்து வேறொரு கட்டடத்தில் வைத்து வழங்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். முகநூல் உள்பெட்டியில் கேட்பதோடு நிறுத்தாமல், நூலகருக்கு மின்னஞ்சலாகவும் எழுதுங்கள். உங்கள் துறையின் பழைய ஆய்வேடுகளுக்கு நூலகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்த பின்னர், இந்திய ஆய்வேடுகளுக்கான ஷோத்கங்கா இணையதளத்தில் அவை பெருமளவில் சேர்ந்திருக்கின்றன. அங்கே உள்நுழைவு, கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை.

கேள்வி: எங்கள் துறை மாணவர்கள் பாடநூல்களை முழுமையாக ஸ்கேன் செய்து டெலிகிராம் குழுவில் பகிர்கிறார்கள். மூடியிருக்கும் காலத்தில் நூலகமே இதைச் செய்தால் என்ன?
— முதுகலை மாணவர், சேலம்

பதில்: செய்யக் கூடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு கல்விக்குச் சில விலக்குகளைத் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு நகலகத்தின்மீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துத் தருவது அந்த விலக்குக்குள் அடங்கும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் கூறியது உண்மைதான். அது வகுப்பில் பாடம் நடத்துவதையொட்டி எழுந்த தீர்ப்பு. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய குழுவில் முழு நூலையும் போட்டுவிட்டு அதைத் துணைக்கு அழைக்க முடியாது.

அமெரிக்காவில் இதே ஊரடங்கில் நடந்த இரண்டு காரியங்களை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு, பல்கலைக்கழக நூலகம் அன்று எனினும், 2020 மார்ச் 24 அன்று தேசிய அவசரகால நூலகம் என்ற பெயரில் ஏறத்தாழ 14 லட்சம் நூல்களுக்குக் காத்திருப்பு வரிசையை நீக்கியது. அதாவது, ஒரே நூலை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் இரவல் எடுக்கலாம். ஜூன் 1ஆம் தேதி நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன; 16ஆம் தேதி அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது; 2023இல் தீர்ப்பும் அவ்வமைப்புக்கு எதிராகவே வந்தது. பல்கலைக்கழக நூலகங்கள் கூடி நடத்தும் ஹாத்தி டிரஸ்ட் அதே மார்ச் இறுதியில் தொடங்கிய தற்காலிகச் சேவையில், உறுப்பு நூலகத்தின் அலமாரியில் ஒரு நூலின் அச்சுப் பிரதிகள் எத்தனை உண்டோ அத்தனை பேர் மட்டுமே ஒரு நேரத்தில் அதன் மின்வடிவைப் படிக்க முடிந்தது. பல்கலைக்கழகக் கணக்கு இல்லாதவருக்கு அனுமதி இல்லை. அந்தந்த நூலகங்கள் தங்கள் பக்கங்களில் இணைப்பைக் கொடுத்து, நுழையும் முறையைச் சொன்னால் போதுமானதாக இருந்தது. உங்கள் நூலகமும் இணைப்பைப் பகிரட்டும், கோப்பைப் பகிர வேண்டாம்.

கேள்வி: வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், முகநூல் ஆகியவற்றுள் நூலகத்துக்கு ஏற்றது எது?
— பல்கலைக்கழக உதவி நூலகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் மாணவர்கள் எதில் இருக்கிறார்களோ அது. ஆனால் வாட்ஸ்அப் குழு தொடங்குமுன் ஒன்றை யோசியுங்கள்: குழுவில் சேரும் ஒவ்வொருவரின் கைபேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். மாணவிகள் தயங்குவதற்கு இது ஒன்றே போதிய காரணம். வாட்ஸ்அப் சேனலில் எண் வெளியே தெரியாது. அங்கே வாசகர் திருப்பிக் கேட்கவும் முடியாது என்பதால், கேள்விகளுக்கு ஒரு மின்னஞ்சலோ படிவமோ கூடவே வேண்டும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். புதிய நூல்களின் அட்டையைக் காட்ட அது நல்ல இடம், திருப்பித் தரவேண்டிய தேதியை அறிவிக்க ஆகாத இடம். மூன்றிலும் இருக்க ஆளில்லையென்றால் ஒன்றில் இருங்கள். விருப்பக்குறிகளின் எண்ணிக்கையைவிட, வந்த கேள்விகளையும் சொன்ன பதில்களையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பல்கலைக்கழகத்தைப் பார்வையிடும் குழு வரும்போது அதையே எடுத்துக் காட்டலாம்.

கேள்வி: நூலகம் மூடும் முன் எடுத்த நான்கு நூல்கள் என்னிடம் உள்ளன. கெடு நீட்டிக்கப்பட்டதாக முகநூலில் பார்த்தேன். என் கணக்கிலோ தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது.
— ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: பதிவு போட்டவர் ஒருவர், நூலக மென்பொருளில் தேதியை மாற்ற வேண்டியவர் வேறொருவர். அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நான்கு நூல்களின் எண்களையும் குறிப்பிட்டு, இரவல் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிவு நாளை நீக்கப்படலாம்.