போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தலாமா?

கேள்வி: சென்னை ஆதம்பாக்கத்தில் அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) வீடு. நான்கு பேர் இருக்கிறோம். போர் 250 அடி. ஏப்ரல் முடிவதற்குள் மோட்டார் போட்டால் காற்றுதான் வருகிறது. 600 அடிக்கு இறக்கினால் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிச்சயம் என்கிறார் ஏஜென்ட். மழைநீர்த் தொட்டி இருக்கிறது, பலன் ஒன்றும் தெரியவில்லை. மாமனார் காலத்து உறைகிணற்றை மூடி மேலே வண்டி நிறுத்துகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: ஆழப்படுத்த வேண்டாம். கிணற்றைத் திறங்கள்.

கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கமெல்லாம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும். பாறைக்குள் தண்ணீர் குளம் மாதிரி தேங்கி நிற்பதில்லை, வெடிப்புகளில் மட்டும்தான் இருக்கும். துளை போகிற வழியில் வெடிப்பு தட்டுப்பட்டால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் கல் புழுதி. கீழே போகப் போக அந்த வெடிப்புகளும் குறைந்துகொண்டே வரும். அதனால் "600 அடியில் நிச்சயம்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு எதில் கமிஷன் என்று பாருங்கள். அடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, ஏஜென்ட்டுக்கும் அதிலிருந்துதான் பங்கு, அப்புறம் அவர் எப்படி "போதும் சார், இங்கே நிறுத்திக்கலாம்" என்பார்? தண்ணீர் வராவிட்டால் பணம் வேண்டாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், மறுநாளிலிருந்து போனை எடுக்க மாட்டார். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்தால் அவருக்கும் சேர்த்துத் தட்சணை உங்கள் தலையில்தான். என் பேச்சை மீறிப் போர் போட்டே தீருவேன் என்றால், துளைக்கிற ராடு (இரும்புத் தண்டு) ஒன்று எத்தனை அடி என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, இறங்குகிற ராடுகளைப் பக்கத்தில் நின்று நீங்களே எண்ணுங்கள். ராத்திரி வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சென்னையில் கிணறு, போர் தோண்ட அனுமதி வாங்க வேண்டும் என்று 1987-லேயே சட்டம் வந்துவிட்டது. தெருவில் வண்டி வந்து நின்று அதிர அதிரத் துளைக்கிறபோது யாராவது வந்து கேட்டு நான் பார்த்ததில்லை. மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-ல். நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இன்று முக்கால்வாசி வீடுகளில் அது பிளான் அப்ரூவலுக்காக வெட்டிய குழி. கட்டும்போது ஒருமுறை பார்ப்பார்கள், அதோடு சரி. உங்கள் தொட்டியும் அந்த ரகமாகத்தான் இருக்கும். மூடியைத் திறந்து பாருங்கள். பெயின்டர் கழுவி ஊற்றிய சுண்ணாம்பும் இலைதழையும் படிந்து அடி இறுகிப் போயிருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. மொட்டை மாடி 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. வழியில் வீணாவதைக் கழித்து 80,000 லிட்டர் என்றே வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு போடும் கணக்கில், நான்கு பேருக்கு ஏறக்குறைய ஐந்து மாதத் தண்ணீர். இது இப்போது குழாய் வழியாகத் தெருவில் இறங்கி ஓடுகிறது. 2019-ல் சென்னைக்குக் குடிநீர் தரும் நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அதற்கு முந்தின வருஷ மழையையும் நாம் இப்படித்தான் அனுப்பி வைத்தோம்.

இந்த மாடித் தண்ணீரை உங்கள் கிணற்றுக்குள் விடுங்கள். நாலடி அகலம், முப்பதடி ஆழம் உள்ள உறைகிணறு பத்தாயிரம் லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். மிச்சம் சுற்றியுள்ள மண்ணில் பரவும். எதிர்வீட்டு மோட்டார் அதில் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும், அதற்காகச் சண்டை போடாதீர்கள், அவர்கள் மாடித் தண்ணீரையும் உள்ளே விடச் சொல்லுங்கள்.

மாடிக் குழாய் இறங்கும் இடத்தில் சின்னத் தொட்டி கட்டி ஜல்லி, கூழாங்கல், ஆற்று மணல், மேலே நைலான் வலை, அவ்வளவுதான் ஃபில்டர். பளபளவென்று ஸ்டீலில் விற்கிறார்களே, வேண்டாம். முதல் மழையை வெளியே தள்ள அடியில் ஒரு வால்வு வையுங்கள். கார் நிறுத்துகிற தரையில் ஓடும் தண்ணீரை மட்டும் கிணற்றில் விடாதீர்கள்.

மூடிக் கிடந்த கிணற்றில் உடனே ஆளை இறக்காதீர்கள். உள்ளே மூச்சு விடக் காற்றே இருக்காது, விஷ வாயுவும் இருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்பதையும் நம்ப வேண்டாம். காற்று ஊதும் புளோயர், இடுப்புக் கயிறு, மேலே ஆள் என்று வேலை தெரிந்தவர்களாகப் பாருங்கள். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கழுவும்போதும் இதேதான்.

ஒரே ஒரு விஷயம் உங்களைத் தடுக்கலாம்: செப்டிக் டேங்க். கிணற்றுக்கும் அதற்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அரை கிரவுண்டில் 50 அடிக்கு எங்கே போவது? உங்களுடையதை மூடிப் பாதாளச் சாக்கடையில் இணைத்திருந்தாலும் பக்கத்து வீட்டில் இணைத்தார்களா என்று கேளுங்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் டேங்க் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அருகில் இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் துவைக்க, கழிப்பறைக்கு மட்டும். குடிக்கவோ சமைக்கவோ கூடாது. தெளிவாக இருக்கிறது, வாசனை இல்லை என்பதெல்லாம் கணக்கில்லை. மாதிரியை லேபில் கொடுத்து கிருமிப் பரிசோதனையும் செய்து பாருங்கள். பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி ஆர்.ஓ. (தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்) விற்க வருகிறவரின் கையிலுள்ள அந்தப் பேனாவுக்குத் தண்ணீரில் கரைந்த உப்பு தெரியும், கிருமி தெரியாது. ஆர்.ஓ. ஏற்கெனவே இருந்தால் அது வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடையுங்கள்.

கோடையில் வீட்டுக்குள் பார்க்க வேண்டியது ஃபிளஷ் டேங்க் கசிவு. துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் அதில் கரைத்து அரை மணி நேரம் யாரும் போகாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் வாஷரை மாற்ற வேண்டும், சின்னச் செலவுதான்.

செப்டம்பரில் மாடியைக் கூட்டி ஃபில்டர் மணலைக் கழுவி வைத்துவிடுங்கள், நமக்குப் பெருமழை அக்டோபரில்தான் தொடங்கும். கிணற்றுக்கு இரும்புச் சட்டத்தில் பூட்டு வைத்த கம்பி மூடி போட்டுக் கொசுவலை அடித்துவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். கான்கிரீட் சிலாப் மட்டும் வேண்டாம், திரும்ப வண்டி ஏறிவிடும்.